பாறைக்கு ஒரு புருவம்

கடும் வெயிலில் கபடி ஆடிவிட்டு வந்து நிற்கிறீர்கள். நெற்றியெல்லாம் வியர்வை. அது நேராகக் கீழே வழிந்தால் கண்ணுக்குள்தான் இறங்க வேண்டும். ஆனால் பெரும்பாலும் இறங்குவதில்லை. புருவம் வரை வந்து, அங்கே தடுக்கப்பட்டு, ஓரமாக ஒதுங்கிக் கன்னத்தின் பக்கவாட்டில் போய்விடுகிறது. புருவத்தை விரலால் தடவிப் பாருங்கள். வளைந்த ஒரு சின்ன வரம்பு, அவ்வளவுதான்.

ஒரு மலைக்கும் இப்படிப் புருவம் வைக்க முடியுமா? முடியும். நம் தமிழ்நாட்டில் சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன்பே வைத்திருக்கிறார்கள். நானும் என் நண்பர்களும் அதைப் பார்க்கப் போன கதையைச் சொல்கிறேன். கதையோடு கொஞ்சம் பௌதிகமும் வரும், பயப்பட வேண்டாம்.

நாங்கள் ஐந்து பேர், விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளத்துக்காரர்கள். (தென்காசிப் பக்கமும் ஓர் ஆலங்குளம் உண்டு. அது வேறு.) எங்கள் ஊர் என்றால் சிமெண்ட் ஆலை, சுற்றுவட்டாரம் என்றால் கரிசல் காடும் தீப்பெட்டியும் பட்டாசும். தீபாவளி முடிந்த மறுவாரம் பட்டாசு வேலைக்கு விடுமுறை. அந்த வாரத்தில் ஒரு நாள், கட்டுச்சோறும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு, விடியற்காலையில் சிவகாசி, விருதுநகர் வழியாக மதுரைக்குப் பேருந்து ஏறினோம். மதுரைக்கு வடகிழக்கே சுமார் 20 கிலோமீட்டரில் மீனாட்சிபுரம் என்ற சிற்றூர் இருக்கிறது. அதை ஒட்டிய மலைக்கு ஓவாமலை என்று பெயர். 'மாங்குளம் குகைகள்' என்று புத்தகங்களில் படித்திருப்பீர்கள். அது இந்த மலைதான்.

பேருந்தில் ஒரு விவாதம் கிளம்பியது. எங்களில் ஒருவர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அவர் கேட்டார்: "நம்ம ஊர்ல தோண்டத் தோண்டச் சுண்ணாம்புக்கல்லு. குகைன்னா சுண்ணாம்புக்கல்லுலதானே உண்டாகும்னு சொல்றாங்க? அப்புறம் எதுக்கு மதுரைக்குப் போறோம்?"

நல்ல கேள்வி. உலகத்தின் மிகப் பெரிய குகைகளில் பல சுண்ணாம்புக்கல்லில் உண்டானவைதாம். காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயு மழைநீரில் கரைந்து, மிக மென்மையான ஓர் அமிலமாகிறது. அந்த அமிலம் சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கும். வெடிப்பு வழியாக இறங்கும் நீர் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கரைத்துக் கரைத்து, பூமிக்கடியில் அறைகளையும் சுரங்கப் பாதைகளையும் உண்டாக்கிவிடுகிறது. ஆந்திரத்தில் உள்ள போரா குகைகளும் பெலும் குகைகளும் இப்படிப் பிறந்தவை. ஆனால் அந்தக் குகைகளில் குடியிருப்பது சுலபமில்லை. உள்ளே இருட்டு, ஈரம், மேலிருந்து எப்போதும் சொட்டு. நாங்கள் தேடிப் போனது வேறு வகைக் குகை. அதைக் குகை என்பதைவிடப் பாறை நிழல் என்றால் பொருத்தமாக இருக்கும். கிராமத்து மக்கள் அதற்கு 'முழைஞ்சு' என்று அழகான சொல் வைத்திருக்கிறார்கள்.

மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகள் கருங்கல் வகையைச் சேர்ந்தவை. இந்தப் பாறை ஒரு காலத்தில் பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் பிறந்தது. தலைக்குமேல் இருந்த பெரும் பாரம் அதை நாலாபக்கமும் அழுத்திக்கொண்டிருந்தது. பிறகு கோடிக்கணக்கான ஆண்டுகளாக மழையும் காற்றும் ஆறும் மேலே இருந்ததை அரித்துக் கொண்டுபோய்விட்டன. பாரம் குறைந்ததும் பாறை சற்றே விரிகிறது. எந்தப் பக்கம் விரியும்? திறந்த பக்கம், அதாவது மேற்பக்கம். அப்போது மேற்பரப்புக்கு இணையாக வெடிப்புகள் விழுகின்றன. வெங்காயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தோலுக்கு அடியில் இன்னொரு தோல் இருப்பதுபோல, குன்றின்மேல் அடுக்கடுக்காகக் கல் தோல்கள் உண்டாகின்றன. நம் வெங்காயத் தோல் காகிதம் போன்றது. குன்றின் தோலோ ஓர் ஆள் உயரம்கூட இருக்கும்.

அந்த வெடிப்புக்குள் நீர் இறங்குகிறது. கருங்கல்லில் மூன்று முக்கியக் கனிமங்கள் உண்டு: வெங்கச்சங்கல் என்று நாம் சொல்லும் குவார்ட்ஸ், வெளிர் நிற ஃபெல்ஸ்பார், காக்காய்ப்பொன் என்கிற மைக்கா. இவற்றில் ஃபெல்ஸ்பார் நீர் பட்டுப் பட்டுக் களிமண்ணாக மாறிவிடும் குணமுடையது. களிமண்ணானால் பிடிமானம் போயிற்று. ஒரு நாள் கீழ்த்தோலின் ஒரு துண்டு சரிந்து விழுகிறது; மேல்தோல் கூரைபோல நீட்டிக்கொண்டு நிற்கிறது. இதோ, ஒரு முழைஞ்சு தயார். அடிவாரத்திலிருந்து பார்த்தால் மலை வாயைத் திறந்துகொண்டிருப்பதுபோலத் தோன்றும்.

நாங்கள் மலையேறி முதல் முழைஞ்சை அடைந்தபோது மணி பதினொன்று இருக்கும். ஐப்பசியானாலும் வெயில் சுள்ளென்று அடித்தது. உள்ளே காலை வைத்ததும் அப்படி ஒரு குளுமை! ஏதோ காற்று வீசியதால் அல்ல. பாறை வெப்பத்தை மெதுவாகத்தான் உள்ளே விடும். பகல் வெயிலின் சூடு அரை மீட்டர் கனமுள்ள கருங்கல்லைக் கடந்து மறுபக்கம் வந்து சேர ஏறத்தாழ பத்து மணி நேரம் ஆகும். அதற்குள் பொழுது சாய்ந்துவிடும். வந்து சேர்கிற சூடும் பதினைந்தில் ஒரு பங்காக இளைத்துப் போயிருக்கும். இங்கே தலைக்குமேல் இருப்பது அரை மீட்டரா? பல மீட்டர். பகலென்றும் இரவென்றும் அந்தப் பாறையின் அடிவயிற்றுக்குத் தெரியவே தெரியாது.

தரையில் படுக்கைகள் இருந்தன. ஆம், கல்லில் வெட்டிய படுக்கைகள். ஆள் நீளத்துக்கு மழமழவென்று வழித்து, தலை வைக்கிற பக்கம் மட்டும் சற்று உயர்த்தி வெட்டியிருக்கிறார்கள். கல்லிலேயே தலையணை! எங்களில் ஒருவர் படுத்துப் பார்த்துவிட்டு, "தலையணை சரியாத்தான் இருக்கு, மெத்தையைத்தான் காணோம்" என்றார்.

இவற்றில் படுத்தவர்கள் சமணத் துறவிகள். வீடு, நிலம், உடைமை எதுவும் வேண்டாமென்று ஊர் ஊராக நடப்பவர்கள். ஆனால் மழைக்காலத்தில் மட்டும் அவர்கள் நடக்கக் கூடாது என்பது விதி. மழை பெய்தால் மண்ணில் புழுவும் பூச்சியும் புல்லும் பெருகும், நடந்தால் மிதிபடும். ஆகவே மழைக்கால நான்கு மாதங்கள் ஒரே இடத்தில் தங்க வேண்டும். இதைக் கவனியுங்கள். வெயில் காலத்துக்கு மரத்தடி போதும். மழைக்காலத்துக்கு நனையாத இடம் வேண்டும். படுக்கை வெட்டிக் கொடுத்தால் மட்டும் போதாது. அது நனையாமலும் இருக்க வேண்டும்.

அப்படித் தங்கிய இடத்துக்குப் 'பள்ளி' என்று பெயர். பள்ளி என்றால் படுக்கும் இடம், 'பள்ளியறை' என்கிறோமே. துறவிகள் தங்கிய இடத்தில் பாடமும் சொல்லிக் கொடுத்தார்கள். நீங்கள் தினமும் காலையில் பை தூக்கிக்கொண்டு போகும் இடத்துக்கு அந்தப் பெயர் வந்த வழி இதுதான் என்பார்கள். வகுப்பில் தூங்குகிறவர்கள் இதைக் காரணம் காட்ட வேண்டாம்!

சாப்பாட்டு மூட்டையைப் பிரித்தபோது வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கிழக்கேயிருந்து காற்று, சற்று நேரத்தில் கொட்டு கொட்டென்று மழை. திரும்பிப் போக வழியில்லை. அப்படியே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தோம்.

குன்றின் உச்சியிலிருந்து நீர் பாறைமேல் பாய்ந்து வந்தது. முழைஞ்சின் நெற்றியில் இறங்கியது. அங்கிருந்து, எங்களுக்கு முன்னால் மணிமணியாக, ஒரே கோட்டில் சொட்டத் தொடங்கியது. மழை வலுத்தபோது சொட்டுகள் சேர்ந்து கண்ணாடித் திரைபோல ஆயின. திரைக்கு வெளியே மலையே நனைகிறது. திரைக்கு உள்ளே, இரண்டு முழ தூரத்தில், கல் படுக்கைகள் பொடி மண்ணோடு காய்ந்து கிடக்கின்றன! முழைஞ்சின் ஒரு கோடியில், படுக்கை இல்லாத பக்கம் மட்டும், நீர் அப்படி விழவில்லை. அது பாறையின் அடிப்பரப்பை ஒட்டிக்கொண்டே பல்லிபோல உள்ளே ஊர்ந்து வந்து, தரையை நனைத்தது.

ஒரே பாறை, ஒரே மழை. இங்கே விழுகிறது, அங்கே ஊர்கிறது. ஏன்?

கண்டுபிடித்தவர் எங்களோடு வந்த கொத்தனார். அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தவர் சொன்னார்: "அண்ணே, மேல பாருங்க. உளி வச்சு ஒரு கோடு இழுத்திருக்கான். இதைத்தானே நாங்க சன்ஷேடுக்கு அடியில இழுக்கிறோம்?"

அண்ணாந்தோம். முழைஞ்சின் நெற்றியில், இந்தக் கோடியிலிருந்து கிட்டத்தட்ட அந்தக் கோடி வரை, வில்போல வளைந்து ஒரு வெட்டு ஓடியது. விரற்கடைக் கணக்கில்தான் ஆழம். அதன் விளிம்பில்தான் ஒவ்வொரு சொட்டும் தொங்கி விழுந்துகொண்டிருந்தது. வெட்டு முடிந்த இடத்துக்கு அப்பால்தான் நீர் உள்ளே ஊர்ந்தது. தொல்லியல் அறிஞர்கள் இதைக் காடி என்றும் நீர்வடி விளிம்பு என்றும் புருவம் என்றும் எழுதுவார்கள். புருவம் என்ற பெயர் எனக்குப் பிடிக்கும். வேலையும் அதுவே, வடிவமும் அதுவே. வளைத்து வெட்டியிருப்பதால், சொட்டாமல் மிஞ்சும் நீரும் விளிம்பின் வழியே இரண்டு பக்கமும் வழிந்து போய்விடும்.

இப்போது பௌதிகம். நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துக்கொள்கின்றன. இது ஓரினக் கவர்ச்சி. அவை கல், கண்ணாடி, உலோகம் போன்ற வேறு பொருள்களையும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இது வேற்றினக் கவர்ச்சி. மழைநீர் பாறையின் விளிம்புக்கு வந்ததும் நேரே கீழே விழாமல் பாறையை ஒட்டிக்கொள்வது இந்த இரண்டாவது விசையால்தான். அடிப்பரப்பு உள்நோக்கிச் சரிந்திருந்தால் போதும். நீர் தன் எடையாலேயே அந்தச் சரிவில் ஊர்ந்து உள்ளே போய்விடும்.

வழியில் ஒரு காடி இருந்தால் என்ன ஆகும்? காடியின் விளிம்பில் பாறை திடீரென்று மேல்நோக்கித் திரும்புகிறது. பாறையை ஒட்டிக்கொண்டு மேலும் போக வேண்டுமானால் நீர் மேலே ஏற வேண்டும். புவியீர்ப்பு அதற்கு இடம் தராது. நீர் விளிம்பில் நின்று திரள்கிறது. ஒட்டும் விசை தாங்குகிற அளவுக்குத் தாங்கும். எடை மிஞ்சியதும் சொட்டு அறுந்து விழும். ஒரு மில்லிலிட்டர் நீரில் ஏறத்தாழ இருபது சொட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு சிறிய எடையிலேயே காரியம் முடிந்துவிடுகிறது.

நம்பிக்கை வரவில்லையா? சமையலறைக்குப் போங்கள். விளிம்பு மடிக்காத ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் நிரப்பி, மிக மெதுவாகச் சாய்த்து ஊற்றுங்கள். தண்ணீர் பாத்திரத்தில் விழாமல் டம்ளரின் வெளிப்புறத்தை ஒட்டிக்கொண்டு ஓடி உங்கள் கையை நனைக்கும். இப்போது காபி குடிக்கும் எவர்சில்வர் டம்ளரை எடுங்கள். அதன் வாய் வெளிப்பக்கம் மடிந்திருக்கும். அதே மெதுவோடு ஊற்றுங்கள். காபியை இரண்டு முழ உயரத்திலிருந்து டபராவில் ஆற்றுகிறவர் கையில் ஒரு சொட்டு ஒட்டுவதில்லை என்றால், திறமை பாதி, அந்த மடிந்த விளிம்பு பாதி. ஓவாமலையில் உளியால் செய்ததைத்தான் டம்ளர் செய்கிறவர் மடித்துச் செய்கிறார்.

இன்னொரு சோதனை. ஒரு மரப்பலகையைச் சாய்வாகப் பிடித்து, அதன் அடிப்பரப்பின் மேல்கோடியில் நனைந்த பஞ்சை வைத்துப் பிழியுங்கள். நீர் அடிப்பரப்பிலேயே ஓடிக் கீழ்க்கோடிக்குப் போகும். பிறகு பலகையின் நடுவே குறுக்காகக் களிமண்ணால் விரல் கனத்தில் ஒரு வரம்பு கட்டிவிட்டு மறுபடியும் செய்யுங்கள். பலகையை எவ்வளவு சாய்த்தால் நீர் வரம்பையும் தாண்டுகிறது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பலகையை நிமிர்த்த நிமிர்த்த வரம்பு பலிப்பது குறைவதைக் காண்பீர்கள். ஓவாமலைக் கல்தச்சருக்கு இது தெரிந்திருக்கிறது. காடியை எங்கே வேண்டுமானாலும் அவர் வெட்டிவிடவில்லை. சொட்டு விழத் தோதான நெற்றியைப் பார்த்துத்தான் வெட்டியிருக்கிறார்.

வெட்டியது எதனால்? இரும்பு உளியால். இங்கே ஒரு சந்தேகம் வரும். கனிமங்களின் கடினத்தன்மைக்கு மோஸ் அளவுகோல் என்று ஒன்று உண்டு. அதில் வைரம் 10. குவார்ட்ஸ் 7, ஃபெல்ஸ்பார் 6. சாதாரண இரும்போ 4 அல்லது 5. மெத்தென்ற இரும்பு கடினமான கல்லை எப்படி வெட்டும்? உண்மையில் உளி கல்லைக் கத்திபோல அறுப்பதில்லை. சுத்தியின் முழு அடியையும் ஊசிமுனை அளவு இடத்தில் குவிக்கிறது. கல் கடினமானது, ஆனால் நொறுங்கும் இயல்புடையது. அந்த இடம் பொடியாகித் தெறிக்கிறது. இரும்பு வளைந்துகொடுக்கும், நொறுங்காது. ஆனால் முனை மழுங்கிவிடும். ஆகவே கல் வேலை நடக்கும் இடத்தில் உலை மூட்டி உளியைத் தீட்டித் தரக் கொல்லரும் இருந்தாக வேண்டும். ஒரு முழைஞ்சுக்குப் புருவம் வெட்டவும் படுக்கை வழிக்கவும் எத்தனை ஆயிரம் அடி அடித்திருப்பார்கள்!

அந்தச் செலவைக் கொடுத்தவர்கள் யார் என்பதும் பாறையிலேயே இருக்கிறது. தமிழ் பிராமி எழுத்துகளில் பொறித்திருக்கிறார்கள். மாங்குளத்தில் ஆறு கல்வெட்டுகள். அவற்றில் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் வருகிறது. கணி நந்தன் என்ற துறவியின் பெயரும், வெள்ளறை என்ற ஊரின் வணிகர் குழுவும் வருகின்றன. பக்கத்தில் அரிட்டாபட்டி மலையில் உள்ள கல்வெட்டுகளில் நெல்வெளி, இலஞ்சி என்ற ஊர்ப் பெயர்கள் உள்ளன. தென்காசிப் பக்கத்து இலஞ்சி உங்களுக்கு நினைவு வரலாம். 'கொட்டுபித்த' என்ற ஒரு சொல்லும் இக்கல்வெட்டுகளில் வருகிறது. வெட்டச் செய்தார் என்று பொருள். மேளம் கொட்டுவது போல உளிமேல் கொட்டிக் கொட்டிச் செய்த வேலைக்கு எவ்வளவு பொருத்தமான சொல், பாருங்கள்.

1882-ஆம் ஆண்டிலேயே ராபர்ட் சுவெல் என்ற ஆங்கிலேய அதிகாரி இந்த மலையைப் பற்றிக் குறிப்பு எழுதிவிட்டார். ஆனால் எழுத்துகளில் இருப்பது தமிழ்தான் என்று 1924-இல்தான் கே. வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக் காட்டினார். பிறகு 1960களில் ஐராவதம் மகாதேவன் மலை மலையாக ஏறி, ஒவ்வொரு எழுத்தையும் நேரில் சரிபார்த்துப் படித்தார். ஏன் இவ்வளவு காலம்? தமிழ் பிராமியில் 'க' என்ற எழுத்து நம் கூட்டல் குறி போல இருக்கும். 'ர' வெறும் நெட்டைக்கோடு. பாறையில் இயற்கையாக விழுந்த ஒரு கீறல்கூட 'ர' போலத் தோன்றும். அதை எழுத்தென்று நினைத்துவிட்டால் சொல்லே மாறிவிடும். உளி பட்ட கீறலா, மழை பட்ட கீறலா என்று விரலால் தடவியும், பக்கவாட்டில் விளக்கொளி பாய்ச்சி நிழலைப் பார்த்தும் முடிவு செய்ய வேண்டும். ஈரக் காகிதத்தைக் கல்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டிப் பதித்து, மேலே மை ஒற்றி எடுப்பதும் உண்டு. குழிந்த எழுத்துகள் மட்டும் வெள்ளையாக நிற்கும். இதற்கு மைப்படி என்று பெயர்.

அந்த எழுத்துகள் பெரும்பாலும் முழைஞ்சின் நெற்றியில், காடியை ஒட்டியே இருக்கின்றன. மழைநீர் ஓடும் தடத்தில் இருந்திருந்தால் ஃபெல்ஸ்பார் களிமண்ணாகும் அந்தப் பழைய கதை இங்கேயும் நடந்திருக்கும். மெத்தையில்லாப் படுக்கையைக் காத்த காடி, கூடவே எழுத்தையும் காத்திருக்கிறது.

மழை விட்டதும் கீழே இறங்கினோம். வழியில் ஓரிடத்தில் பாறை இடுக்கிலிருந்து நீர் கசிந்துகொண்டிருந்தது. மேலே சொன்ன வெங்காயத் தோல் வெடிப்புகளை மறந்துவிடாதீர்கள். உச்சியில் இறங்கும் நீர் அந்த வெடிப்புகளின் வழியே மெல்ல நகர்ந்து, வெடிப்பு முடியும் சரிவில் சுனையாக வெளிவரும். கூரை கொடுத்த வெடிப்புத்தான் குடிநீரும் கொடுத்தது. துறவிகள் இந்த மலைகளைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

மற்ற நாட்டவர் என்ன செய்தார்கள்? எல்லாம் கல்லைப் பொறுத்தது. துருக்கி நாட்டின் கப்படோக்கியாவில் எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான மென்மையான பாறை. அங்கே மக்கள் மலையைக் குடைந்து ஊர்களே அமைத்துவிட்டார்கள். பீகாரில் பராபர் குன்றுகள் நம்முடையவை போலக் கருங்கல். அங்கே மௌரியர் காலத்தில் கண்ணாடி போலப் பளபளக்கும் அறைகளையே குடைந்தார்கள். அசோகச் சக்கரவர்த்தியின் செல்வம் அதற்குப் பின்னால் இருந்தது. நம் கல்தச்சர் அப்படிச் செய்யவில்லை. இயற்கை தொண்ணூறு பங்கு கட்டி முடித்திருந்த வீட்டில், குறையாக இருந்த ஒரே ஒரு கோட்டை மட்டும் போட்டார். இதில் எது உயர்ந்த பொறியியல் என்று என்னைக் கேட்டால் நான் இந்தக் கோட்டின் பக்கம்தான் நிற்பேன்.

பின்னாளில் பாண்டிய நாட்டிலும் பெரிய குடைவுகள் வந்தன. ஆலங்குளத்துக்குத் தெற்கே உள்ள கழுகுமலையில் 8-ஆம் நூற்றாண்டில் ஒரு முழுக் கோயிலையே பாறையிலிருந்து செதுக்கத் தொடங்கினார்கள். அதுதான் வெட்டுவான் கோயில். மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டு வந்து, பாதியில் விட்டுவிட்டார்கள். வேலை எப்படி நடந்தது என்று பார்க்க, முடிந்த கோயிலைவிட முடியாத கோயில்தான் நல்ல பாடம். அது இன்னொரு பயணத்துக்கு.

ஓவாமலைக்குத் திரும்புவோம். மதுரை வட்டாரத்தில் இத்தகைய குன்றுகள் பல. கருங்கல்லுக்கு நல்ல விலை வந்த காலத்தில், மேலூர்ப் பக்கம் எத்தனையோ பாறைகள் சதுரக் கட்டிகளாக அறுபட்டு லாரி ஏறிப் போயின. எங்கள் ஊரில் குவாரி வெடி கேட்டுப் பழகிய காது எனக்கு. வெடிக்காரர் தேடுவதும் அந்த வெங்காயத் தோல் வெடிப்பைத்தான். அங்கேதான் கல் சுலபமாகப் பெயரும். ஆக, குகை இருக்கும் பாறையும் குவாரிக்குத் தோதான பாறையும் ஒன்றாகவே போய்விடுகின்றன. 2022 நவம்பரில் தமிழக அரசு அரிட்டாபட்டியிலும் மீனாட்சிபுரத்திலுமாக சுமார் 193 ஹெக்டேர் பரப்பைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மாநிலத்தில் முதலாவது அது. இருந்தும் 2024-இல் அந்தப் பகுதியையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்தது. டங்ஸ்டன் தேவையான உலோகம்தான்; கல்லைத் துளைக்கும் துரப்பண முனைகளில்கூட அது உண்டு. ஆனால் ஊர் ஊராக மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

பதிவான குகைகளுக்காவது இப்படிப் பேச ஆள் உண்டு. யாரும் பார்க்காத முழைஞ்சுகள் இன்னும் இருக்கலாம். அரிட்டாபட்டி இலஞ்சிக் கல்வெட்டு கண்டுபிடிக்கப்பட்டதே 2003-இல்தான். ஆகவே உங்கள் ஊர்க் குன்றுக்குப் போகும்போது ஒன்று செய்யுங்கள். எந்த முழைஞ்சைக் கண்டாலும் தரையைப் பார்க்குமுன் நெற்றியைப் பாருங்கள். படுக்கை மண் மூடிப் போயிருக்கலாம், எழுத்து தேய்ந்திருக்கலாம். காடி தூரத்திலிருந்தே தெரியும். நீர் தானாகப் பாறையில் இழுக்கும் கோடு மேலிருந்து கீழாக வரும். முழைஞ்சின் அகலத்துக்குக் குறுக்காக, ஒரே ஆழத்தில், வளைந்து ஓடும் கோட்டை மனிதன்தான் இழுத்திருக்க வேண்டும். அப்படி ஒன்றைக் கண்டால், முழைஞ்சு எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது, காடியின் நீளம் எவ்வளவு என்று நூல் பிடித்து அளந்து குறியுங்கள். பக்கத்தில் ஓர் அடிக்கோலை வைத்துப் படம் எடுங்கள். எழுத்து தெரிந்தால் அதன்மேல் சாக்குக்கட்டியோ எண்ணெயோ பூசாதீர்கள்; பூசினால் பிறகு மைப்படி எடுப்பவருக்கு வேலை கெட்டுவிடும். உங்கள் ஆசிரியரிடம் சொல்லி மாவட்டத் தொல்லியல் அலுவலருக்குக் கடிதம் எழுதச் செய்யுங்கள்.

நாங்கள் பார்த்த ஒரு பாறையில் யாரோ தம் பெயரையும் இன்னொருவர் பெயரையும் செதுக்கி நடுவே ஓர் அம்பும் விட்டிருந்தார்கள். பக்கத்திலிருந்த பழைய வெட்டு எது, புதிய வெட்டு எது என்று எங்களுக்கே சற்று நேரம் குழப்பம். கொத்தனார் நண்பர், "கூலி வாங்காம இவ்வளவு வேலை பார்த்திருக்கானே" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

போகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். இந்த மலைகளில் பாறை நெற்றியில் மலைத்தேனீக்கள் பெரிய கூடு கட்டும். கூடு தெரிந்தால் கத்தக் கூடாது, புகை போடக் கூடாது, அந்தப் பக்கமே போகக் கூடாது. மழை பெய்தால் பாறையில் பாசி வழுக்கும். ரப்பர் செருப்பு உதவாது. நாங்கள் இறங்கும்போது ஐந்து பேரில் மூன்று பேர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் இறங்கினோம்.